மெல்லிய ஒயின் கிளாஸ்கள் வீட்டில் நெடுநாள் உழைக்க: முழுமையான வழிகாட்டி

மெல்லிய ஒயின் கிளாஸ் உடைந்ததும் வீட்டில் கேட்கும் முதல் வார்த்தை "லேசாத்தான் தொட்டேன்" என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அது உண்மையும்கூட. கடைசியாகப் பட்ட அடி சின்னதுதான். அதற்கு முன்பே பல மாதங்களாக அந்தக் கிளாஸின் மேல் சேர்ந்திருந்த, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் அந்தச் சின்ன அடியைத் தாங்கவிடாமல் செய்தன. இது புரிந்துவிட்டால் எந்த இடத்தில் கவனம் வேண்டும், எந்த இடத்தில் வீண்பயம் வேண்டாம் என்பதும் புரிந்துவிடும். நல்ல கிளாஸை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு மட்டமானதில் குடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தினமும் எடுத்துப் புழங்க வேண்டும், பல வருடம் இருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கும். கடையில் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, உடைந்த சில்லுகளை அப்புறப்படுத்துவது வரை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பாகங்களுக்கு இந்தப் பெயர்களையே வைத்துக்கொள்வோம்: வாய் வைக்கும் இடம் விளிம்பு, ஒயின் நிற்கும் இடம் கிண்ணம், அதைத் தாங்குவது தண்டு, மேசையில் உட்காருவது பாதம்.

1. முதலில், கண்ணாடி எப்படி உடைகிறது

கண்ணாடியை அமுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது. வளைக்கும்போதும் முறுக்கும்போதும் ஒரு பக்கம் இழுபடுகிறது; உடைவது அந்தப் பக்கத்தில்தான். ஆனால் கண்ணாடியின் அணுப் பிணைப்புகளை வைத்துக் கணக்குப் போட்டால், நாம் காண்பதைப் போலப் பல மடங்கு பலம் அதற்கு இருக்க வேண்டும். அந்தப் பலம் எங்கே போனது என்ற கேள்விக்கு 1921-இல் விடை எழுதியவர் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய வெடிப்புகளின் முனையில் விசை முழுவதும் போய்க் குவிகிறது என்று அவர் காட்டினார். துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு விட்டு இழுத்தால் சரசரவென்று கிழிந்து போகிறதே, அதேதான்.

இதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. விசை குவிந்திருக்கும் வெடிப்பு முனையில் ஈரம் பட்டால், அங்குள்ள சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு எளிதில் அறுந்து, வெடிப்பு மெல்ல மெல்ல நீளும். காற்றில் இருக்கும் ஈரமே இதற்குப் போதும். நேற்று குழாயில் மோதிய கிளாஸ் நேற்று உடையாமல், இன்று சும்மா துடைக்கும்போது உடைவதற்கு இதுவே காரணம். "தானாகவே உடைந்தது" என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் தாமதமாக வந்த உடைவுதான்.

மேற்பரப்பே எல்லாம் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. கிழக்கு ஜெர்மனியின் ஷ்வெப்னிட்ஸ் என்ற ஊரில் 1980 முதல் 1990 வரை சூப்பர்ஃபெஸ்ட் என்ற கிளாஸ்கள் தயாராயின. கண்ணாடியின் மேல்தோலில் இருக்கும் சோடியம் அயனிகளை எடுத்துவிட்டு, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகளை அந்த இடத்தில் திணித்தார்கள். இடம் போதாமல் மேல்தோல் இறுகி, எப்போதும் அமுக்கத்திலேயே இருக்கும். வெடிப்பு வாய் திறக்க முடியாது. மெல்லிய கிளாஸே பல மடங்கு உழைத்தது. இன்று கைபேசித் திரைகளை உறுதியாக்குவதும் இதே முறைதான். நம் வீட்டு ஒயின் கிளாஸ்களுக்கு இந்தக் கவசம் பொதுவாகக் கிடையாது. அதனால் அதன் மேல்தோலைக் கீறல் படாமல் காப்பது நம் வேலை.

2. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கண்ணாடியின் சேர்மானம் முதலில். சாதாரணக் கிளாஸ்கள் சோடா–சுண்ணாம்புக் கண்ணாடி. 1674-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை பெற்ற வழியில் வந்தது ஈயம் கலந்த கிரிஸ்டல். ஐரோப்பாவின் 1969 விதிப்படி, ஈய ஆக்சைடு குறைந்தது 24 சதவீதம் இருந்தால்தான் அது ஈயக் கிரிஸ்டல். மின்னும், கணகணவென்று ஒலிக்கும். ஆனால் மென்மையானது, சீக்கிரம் கீறல் விழும். இப்போது வரும் நல்ல கிளாஸ்களில் பலவும் ஈயம் இல்லாத கிரிஸ்டல். ஈயத்துக்குப் பதில் டைட்டானியம், ஜிர்கோனியம் ஆக்சைடுகள் சேர்த்த ட்ரைட்டான் போன்ற வகைகளும் இருக்கின்றன. தினப் புழக்கத்துக்கு ஈயம் இல்லாததையே நான் சொல்வேன். ஈயக் கிரிஸ்டலில் ஒயினை ஊற்றி அப்போதே குடிப்பது வேறு. அதிலேயே நாள்கணக்கில் ஊற்றி வைத்தால் ஈயம் ஒயினில் இறங்கும், அது கூடாது.

அடுத்தது தண்டு. கிண்ணத்திலிருந்தே இழுத்து நீட்டிய தண்டும் உண்டு, தனியாகச் செய்து ஒட்டிய தண்டும் உண்டு. இழுத்த தண்டு கிண்ணத்தின் அடியில் வழுவழுவென்று இறங்கும்; இணைப்புக் கோடோ திடீர் மடிப்போ இருக்காது. திடீர் மடிப்பு இருக்கும் இடத்தில் விசை குவியும் என்பதால், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் இழுத்த தண்டை எடுங்கள். தண்டின் தடிமன் பற்றி ஒரு கணக்கு: ஒரே அளவு முறுக்கு விசை கொடுத்தால், 8 மில்லிமீட்டர் தண்டில் வருவதைப் போல 8 மடங்கு இறுக்கம் (கண்ணாடிக்குள் எழும் விசை) 4 மில்லிமீட்டர் தண்டில் வரும். விட்டம் பாதியானால் இறுக்கம் எட்டு மடங்காவது முறுக்கின் விதி. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், துடைக்கும் பகுதியில் தேவைப்படும்.

விளிம்பில் இரண்டு வகை. உருண்டு திரண்ட விளிம்பு மலிவான கிளாஸ்களில் வரும்; தாங்கும், ஆனால் உதட்டில் தடிப்பாக இருக்கும். வெட்டி மழமழப்பாக்கிய மெல்லிய விளிம்பு குடிக்கச் சுகம். சில்லுப் பெயர வாய்ப்பு அதிகம். இதில் நான் சமரசம் செய்ய மாட்டேன். மெல்லிய விளிம்புக்காகத்தானே நல்ல கிளாஸ் வாங்குகிறோம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: தனித்தனியாகவும் தொடர்ந்தும் கிடைக்கும் வரிசையில் வாங்குங்கள். ஆறில் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்க முடிய வேண்டும். தேவைக்கு மேல் இரண்டு சேர்த்து வாங்கி வைத்தால், உடைந்த அன்று வீட்டில் யாரையும் கடிந்துகொள்ளத் தோன்றாது.

3. வீட்டுக்கு வந்ததும் சோதனை

பெட்டியைப் பிரித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி விரல் நகத்தை மிக மெதுவாக ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத சில்லு நகத்தில் தட்டுப்படும். விரல் நுனியால் தடவ வேண்டாம், கிழித்துவிடும். பிறகு பாதத்தைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தை நகத்தால் லேசாகச் சுண்டுங்கள். நல்ல கிளாஸ் நீளமாக ஒலிக்கும். ஒரே செட்டில் ஒன்று மட்டும் "டொக்" என்று அடங்கினால் அதில் எங்கோ வெடிப்பு இருக்கலாம்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடிப் பொருளைச் செய்து முடித்ததும் உலையில் மெதுவாக ஆறவிடுவார்கள். அவசரமாக ஆறினால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிடும். அந்த இறுக்கத்தை வீட்டிலேயே பார்க்கலாம். கணினியின் எல்சிடி திரையில் முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். பொலரைஸ்டு கூலிங் கிளாஸை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடியை) எடுத்து, திரை கறுக்கும் கோணம் வரும்வரை திருப்புங்கள். இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒயின் கிளாஸைப் பிடித்தால், இறுக்கம் உள்ள இடம் வெளிச்சமாகவோ வானவில் நிறத்திலோ தெரியும். லேசான வெளிச்சம் பல கிளாஸ்களில் இருக்கும், கவலை இல்லை. தண்டு இணையும் இடத்தில் பளீரென்று பட்டை தெரிகிற கிளாஸை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

4. மேசையில்

கிளாஸை மேசையில் வைத்தபடியே ஊற்றுங்கள். புட்டியின் கழுத்தை விளிம்பில் சாய்க்கவே கூடாது. புட்டி கனம், விளிம்பு சன்னம். கிண்ணத்தின் அகன்ற பகுதியைத் தாண்டி ஊற்ற வேண்டாம். மணம் தங்குவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நிறைந்த கிளாஸின் கனம் முழுவதும் மேலே ஏறிவிடுவதால், சட்டைக் கை பட்டாலே சாயும்.

சியர்ஸ் சொல்லும்போது வயிறும் வயிறும் தொடட்டும். கிளாஸை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் கிண்ணத்தின் அகன்ற பகுதிகள் மட்டுமே தொடும், விளிம்புகள் விலகி நிற்கும். விளிம்போடு விளிம்பு தட்டுவதுதான் ஆபத்து. கருங்கல் மேடையிலோ கண்ணாடி மேசையிலோ வைக்கும்போது பாதத்தின் ஒரு ஓரம் முதலில் இறங்காமல், தட்டையாக வையுங்கள். துணி விரிப்பு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

5. அன்றிரவு கழுவாதீர்கள்

விருந்து முடிந்த இரவில் உடம்பில் களைப்பு, உள்ளே ஒயின், சிங்க் நிறைய பாத்திரம். மெல்லிய கிளாஸைக் கையில் எடுக்க இதைவிட மோசமான நேரம் இல்லை. வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை அலசி, கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மேசையின் நடுவில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போங்கள். ஒயின் காய்ந்து பிடிக்காது. காலையில் தேய்க்க வேண்டிய வேலையும் மிஞ்சாது. சிங்க்குக்குள் மட்டும் விட்டுவைக்க வேண்டாம். யாராவது இருட்டில் ஒரு தட்டைப் போட்டுவிடுவார்கள்.

6. கையால் கழுவுதல்

முதலில் இடத்தைத் தயார் செய்யுங்கள். சிங்க்கில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அடியில் மடித்த துண்டு அல்லது சிலிக்கான் விரிப்பு போடுங்கள். குழாய் மூக்கைத் திருப்ப முடிந்தால் ஓரமாகத் திருப்பிவிடுங்கள். கிளாஸ்கள் மோதும் இடங்களில் முதலிடம் அதற்குத்தான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் கண்ணாடி சுமார் 5.5 முதல் 6, வைரம் 10. மோதிரக் கல் ஒருமுறை உரசினால் போதும், அடுத்த வருட உடைவுக்கு இன்றைக்கே விதை போட்டாயிற்று.

தண்ணீர் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கட்டும். இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு: சன்னமான கண்ணாடி சூட்டில் சீக்கிரம் வெடிக்கும் என்று. உண்மை நேர்மாறு. சன்னமான சுவரில் சூடு உள்ளும் புறமும் சட்டென்று சமமாகிவிடும். தடித்த கண்ணாடியில்தான் ஒரு பக்கம் விரிந்தும் மறுபக்கம் விரியாமலும் இழுபறி நடக்கும். ஒயின் கிளாஸில் பிரச்சினை வருவது சன்னமான கிண்ணம் தடித்த தண்டோடு சேரும் இடத்தில். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிளாஸில் வெந்நீர் ஊற்றினால் கிண்ணம் உடனே விரியும், அந்த அடிப்பகுதி பின்தங்கும். எனவே கிளாஸ் முதலில் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ் மட்டும். சோப்பு நீர் நிறைத்த தொட்டிக்குள் பல கிளாஸ்களை மூழ்கவைக்கவே கூடாது. நுரைக்குள் கண்ணாடியோடு கண்ணாடி உரசுவது தெரியாது. உடைந்து கிடந்தாலும் கைக்குத்தான் முதலில் தெரியும். கிண்ணத்தை அடியிலிருந்து உள்ளங்கையில் தாங்கிப் பிடித்து, சோப்பு ஒரே ஒரு சொட்டு விட்ட மிருதுவான ஸ்பாஞ்சால் விளிம்பின் உள்ளும் புறமும் துடையுங்கள். உதட்டுச்சாயமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருப்பது விளிம்பில்தான். உள்ளே கையை நுழைத்துத் திருகாதீர்கள். விரல்கள் உள்ளிருந்து அழுத்தினால் சுவர் வெளிப்பக்கம் இழுபடும். கைக்கு எட்டாத ஆழத்துக்கு, நுரைமுனை உள்ள நீளக்கைப்பிடி பிரஷ் போதும். பச்சை ஸ்க்ரப்பர் கிட்டவே வரக்கூடாது. அதில் கண்ணாடியைவிடக் கடினமான உரசுத் துகள்கள் இருக்கின்றன. பிறகு சோப்பு வாசனை போகும்வரை அலசுங்கள்.

7. துடைத்தல்: தண்டுகள் உடைவது இங்கேதான்

கிளாஸ்களின் சாவு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் நடக்கிறது. ஒரு கையால் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் துணியோடு கிண்ணத்துக்குள் விரல் விட்டுச் சுழற்றுகிறோம். துணி கண்ணாடியில் பிடித்துக்கொள்கிறது. கிண்ணம் ஒரு பக்கம், பாதம் மறுபக்கம் திரும்புகிறது. நடுவில் இருக்கும் 4 மில்லிமீட்டர் தண்டு அந்த முறுக்கை முழுவதும் வாங்குகிறது. மேலே சொன்ன எட்டு மடங்கு இங்கே வேலையைக் காட்டும். உடைந்த தண்டை எடுத்துப் பாருங்கள்: உடைவு நேராக இல்லாமல் திருகுப் படிக்கட்டு மாதிரி சாய்ந்து ஏறியிருந்தால், அது முறுக்கில் உடைந்தது. உடைந்த கணத்தில் கூர்மையான அந்த முனை உள்ளங்கைக்குள் போவதால், இது கிளாஸை மட்டும் பற்றிய விஷயம் இல்லை. கைத்தசைநார் வெட்டுப்பட வாய்ப்புள்ள இடம் இது.

விதி எளிது. துடைக்கும் பாகத்தையே பிடியுங்கள். கிண்ணத்தைத் துடைக்கும்போது கிண்ணத்தைப் பிடியுங்கள், பாதத்தைத் துடைக்கும்போது பாதத்தைப் பிடியுங்கள். தண்டின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் கை இருக்கக் கூடாது. பெரிய மைக்ரோஃபைபர் துணி ஒன்றை எடுத்து, ஒரு முனையால் கிண்ணத்தை வெளியிலிருந்து ஏந்திக்கொள்ளுங்கள். மறுமுனையை உள்ளே லேசாக நுழைத்து, கட்டைவிரல் உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியேயும் இருக்க, துணியை நகர்த்தாமல் கிளாஸை மெல்லச் சுற்றவிடுங்கள். துணி எங்காவது பிடித்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். கெட்டிலின் ஆவியில் ஒரு கணம் காட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

துணி சுத்தமாக இருக்க வேண்டும். தூசியில் இருக்கும் மணல் துகள் குவார்ட்ஸ். அதன் கடினம் 7. அழுக்குத் துணியால் பளபளப்பாக்குவதாக நினைத்து, கிளாஸுக்கு வெடிப்பை ஏற்றிக்கொண்டிருப்போம். கிளாஸ் துணிகளைத் தனியே துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது கண்ணாடியில் படலம் விடும்.

எல்லா நாளும் துடைத்தாக வேண்டும் என்றும் இல்லை. வீட்டுக்குள் குடிக்கிற நாட்களில், நன்றாக அலசிய கிளாஸைத் துண்டின்மேல் கவிழ்த்து நீரை வடித்து, சற்று நேரத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டால் போதும். நாலு புள்ளிக் கறைக்காகத் தண்டை ஆபத்துக்கு உள்ளாக்க வேண்டியதில்லை.

8. டிஷ்வாஷரா, கையா?

மெல்லிய கிளாஸுக்கு டிஷ்வாஷர் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். பல நல்ல கிளாஸ்களை, செய்த நிறுவனமே டிஷ்வாஷரில் கழுவலாம் என்று சொல்கிறது; பெட்டியைப் பாருங்கள். இயந்திரம் தண்டை முறுக்குவதில்லை, களைப்படைவதும் இல்லை. சரியாக அடுக்கினால் அவசரக் கைகளைவிட அது பத்திரம் என்பதே என் கருத்து. ஆனால் ஈயக் கிரிஸ்டல், தங்கக் கோடு போட்டது, பழங்காலத்துக் கிளாஸ் ஆகியவை கையால் மட்டும்.

மேல் தட்டில், உயரம் இடிக்காமல், ஒவ்வொரு கிளாஸும் மற்றதையும் கம்பியையும் தொடாமல் நிற்க வேண்டும். தட்டை உள்ளே தள்ளும் முன் லேசாக ஆட்டிப் பாருங்கள். "கிளிங்" கேட்டால் இரண்டை வெளியே எடுங்கள். இயந்திரத்துக்குள் தண்ணீர் தெளிக்கும் கை சுற்றும்போது எதிலும் இடிக்கக் கூடாது. கத்தி, கரண்டி, சட்டிகளோடு சேர்த்துப் போட வேண்டாம். கண்ணாடிக்கான குறைந்த சூட்டுத் திட்டம் இருந்தால் அதையே தேர்ந்தெடுத்து, சூடாக உலர்த்துவதை நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் ஆறிய பிறகே கையில் எடுக்க வேண்டும்.

நாளடைவில் கிளாஸ் மங்கினால் காரணம் இரண்டில் ஒன்று. வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விட்டால் அது கடின நீரின் சுண்ணாம்புப் படிவு. போகாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. காரத்தன்மை அதிகமான சோப்பு, சூடு, மிக மென்மையான நீர் மூன்றும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும். இந்த மங்கலைத் திருப்பி எடுக்க முடியாது. சோப்பின் அளவையும் சூட்டையும் குறைத்து மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

9. அலமாரியிலும் பெட்டியிலும்

நிமிர்த்தியே வையுங்கள். கவிழ்த்தால் கிளாஸின் முழு எடையும் அதன் மிகச் சன்னமான பகுதியில் நிற்கும்; உள்ளே அடைபட்ட காற்றில் அலமாரி வாசனையும் ஏறும். பாதத்தில் மாட்டித் தொங்கவிடும் தாங்கி நல்லதுதான், அடுத்தடுத்த கிண்ணங்கள் தொடாமல் இருந்தால். இரண்டு கிளாஸுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அடிக்கடி எடுப்பது முன்வரிசையில் இருக்கட்டும். பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுக்க மற்றவற்றின் மேல் கை நீட்டும்போதுதான் சாய்கிறது. ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கவே கூடாது.

வீடு மாறும்போது: கிண்ணத்துக்குள் கசக்கிய காகிதத்தை இறுக்காமல் நிரப்புங்கள், தண்டைச் சுற்றி கிண்ணத்தின் பருமன் வரும்வரை காகிதம் சுற்றுங்கள், அறை பிரித்த பெட்டியில் நிமிர்த்தி நிறுத்துங்கள், மேலே எதையும் ஏற்றாதீர்கள்.

10. விளிம்பில் சில்லு பெயர்ந்தால்

உதடு படும் இடத்தில் சில்லு இருந்தால் அந்தக் கிளாஸில் குடிக்கக் கூடாது. கீறும் என்பது ஒரு பக்கம். அங்கிருந்து வெடிப்பு எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது என்பது மறுபக்கம். விலைமதிப்பற்ற நினைவுப்பொருளாக இருந்தால், கண்ணாடி அறுத்து மெருகேற்றும் கைவினைஞரிடம் கொடுத்து விளிம்பையே சுற்றிலும் சற்று இறக்கித் தேய்க்கச் சொல்லலாம். வீட்டில் செய்பவர்கள் ஈரத்திலேயே தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும். கண்ணாடித் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது. உடைந்த தண்டை புற ஊதா ஒளியில் இறுகும் பசையால் ஒட்டலாம். பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு அது அலங்காரப் பொருள்தான். கையில் பிடித்துக் குடிக்க நம்பாதீர்கள்.

11. உடைந்துவிட்டால்

குழந்தைகளையும் செருப்பில்லாதவர்களையும் அறைக்கு வெளியே அனுப்புங்கள். நீங்கள் செருப்பு போடுங்கள். சிங்க்கில் உடைந்திருந்தால் முதலில் நீரை வடியவிட்டு, பிறகு தடித்த கையுறையோடு பொறுக்குங்கள். மெல்லிய கண்ணாடி தூரத்துக்குத் தெறிக்கும், ஆகவே உடைந்த இடத்தைச் சுற்றி அறை முழுவதையும் பாருங்கள். பெரிய துண்டுகளை எடுத்துவிட்டுப் பெருக்கி, விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். மிச்சமுள்ள சில்லுகள் மின்னிக் காட்டிக்கொடுக்கும். அவற்றை ஈரக் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, அந்தக் காகிதத்தையும் சேர்த்தே எறியுங்கள். பக்கத்தில் திறந்திருந்த உணவையும் ஒயினையும் கொட்டிவிடுங்கள், வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

சில்லுகளைத் தடித்த காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று பெரிதாக எழுதிக் குப்பையில் போடுங்கள். குப்பை எடுப்பவரின் கை அது. மறுசுழற்சிக்குப் போகும் புட்டிகளோடு சேர்க்க வேண்டாம்; கிரிஸ்டலின் சேர்மானமும் உருகும் சூடும் புட்டிக் கண்ணாடியிலிருந்து வேறுபடுவதால், கலந்தால் அங்கே உருகும் கண்ணாடியும் பழுதாகும்.